வாரென் தெருவின் பிரோன் மாளிகை: இடிபடாமல் தப்பிய ஒரு வீட்டின் கதை

1908 ஆகஸ்ட் மாதத்தின் கடைசி நாளில் கவிஞர் ரைனர் மரியா ரில்கே, தான் குருவாக மதித்த சிற்பி ஒகுஸ்த் ரோதானுக்கு ஒரு கடிதம் எழுதினார். பாரிஸின் வாரென் தெருவில் தனக்குக் கிடைத்திருக்கும் பழைய மாளிகையை அவர் அவசியம் வந்து பார்க்க வேண்டும் என்பதுதான் விஷயம். உயரமான சன்னல்கள், அவற்றுக்கு வெளியே கவனிப்பாரற்றுக் காடாகிப்போன தோட்டம், அதில் துள்ளித் திரியும் முயல்கள் என்று ஆசையோடு விவரித்திருந்தார். ரோதான் வந்து பார்த்தார், மனதைப் பறிகொடுத்தார். தோட்டத்தைப் பார்த்தபடி இருந்த தரைத்தள அறைகள் நான்கை அந்த ஆண்டே வாடகைக்கு எடுத்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 67.

அந்த மாளிகைக்கோ கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. இடத்தை மனை மனையாகப் பிரித்து விற்றுவிட்டு, கட்டடத்தை இடித்து அடுக்குமாடி வீடுகள் எழுப்பலாம் என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது. இன்று அதே இடத்தில், அதே சுவர்களுக்குள், உலகின் புகழ்பெற்ற சிற்பக்கூடங்களில் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ரோதான் அருங்காட்சியகம். கட்டடத்தின் பெயர் பிரோன் மாளிகை.

பிரெஞ்சு அரசின் பாதுகாப்புப் பட்டியலில் சுமார் 45,000 கட்டடங்கள் இருக்கின்றன. 18-ம் நூற்றாண்டின் நகர மாளிகைகள் அதில் ஏராளம். பாரிஸ், போர்தோ, நான்த், எக்ஸ்-அன்-புரோவான்ஸ் என்று எந்தப் பழைய ஊருக்குப் போனாலும் நாலைந்தாவது கண்ணில் படும். ஆனால் பட்டியலில் பெயர் ஏறுவதற்கு முன்பே ஒரு கட்டடம் பிழைத்துக் கிடக்க வேண்டும். 1732 வாக்கில் கட்டி முடிக்கப்பட்ட பிரோன் மாளிகைக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது 1926-ல். நடுவில் இருந்த ஏறத்தாழ 200 ஆண்டுகளும் அதைக் காப்பாற்றியது சட்டம் அல்ல. யாராவது ஒருவருக்கு அது எதற்காவது தேவைப்பட்டுக்கொண்டே இருந்ததுதான்.

காகிதப் பணத்தில் எழுந்த கல் மாளிகை

மாளிகையைக் கட்டியவர் பரம்பரைப் பிரபு அல்ல. ஆபிரகாம் பெரென்க் தெ மோராஸ், தெற்கு பிரான்ஸின் செவென் மலைப்பகுதியைச் சேர்ந்த ஒரு முடிதிருத்துநரின் மகன். 1719, 1720-ம் ஆண்டுகளில் ஜான் லா என்ற ஸ்காட்லாந்துக்காரர் பிரான்ஸின் நிதி நிர்வாகத்தைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டார். காகிதப் பணம் அச்சிட்டார். கடல் வணிக நிறுவனங்களை ஒன்றாக்கி இந்தியக் கம்பெனி என்ற பெயரில் பங்குகள் விற்றார். 500 லிவ்ருக்கு வெளியான பங்கு 10,000 லிவ்ர் வரை ஏறியது. 1720 முடிவதற்குள் எல்லாம் சரிந்தது. லட்சக்கணக்கானோர் சொத்தை இழந்தார்கள். சரியான நேரத்தில் விற்றுவிட்டு வெளியேறிய சிலர் மட்டும் பெரும் பணக்காரர்கள் ஆனார்கள். மோராஸ் அந்தச் சிலரில் ஒருவர்.

அந்த இந்தியக் கம்பெனிதான் புதுச்சேரியையும் ஆண்டுகொண்டிருந்தது. சோழமண்டலக் கரையில் நெய்த துணி கப்பலேறிப் போனதும், பாரிஸில் பங்குகள் கைமாறியதும் ஒரே கம்பெனியின் கணக்கில்தான். மோராஸ் குடும்பத்துக்கும் தமிழ் மண்ணுக்கும் தொடர்பு அதோடு நிற்கவில்லை. அவருடைய மகன் பிரான்ஸுவா மரி பின்னாளில் நிதிப் பொறுப்பையும் கடற்படை அமைச்சர் பதவியையும் வகித்தார். 1757 மே மாதத்தில் ஜெனரல் லாலி, புதுச்சேரியைக் காக்கப் பெரும் படையுடன் பிரான்ஸிலிருந்து கப்பலேறியபோது அமைச்சராக இருந்தவர் அவர்தான்.

1727-ல் மோராஸ் இடம் வாங்கியது நகரின் விளிம்பில். சென் நதியின் தென்கரையில் உள்ள அந்தப் பகுதிக்குச் சேன்-ழெர்மேன் என்று பெயர். அப்போது அங்கே தோட்டங்களும் வயல்களும்தான் அதிகம். பக்கத்தில் பதினான்காம் லூயி, காயம்பட்ட படைவீரர்களுக்காகக் கட்டிய இன்வாலித் மனையின் பொன் முலாம் பூசிய குவிமாடம். நெரிசல் மிகுந்த பழைய மாரே பகுதியை விட்டுப் பிரபுக்கள் ஒவ்வொருவராக இந்தப் பக்கம் குடிபெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. கட்டடக் கலைஞராக ழான் ஒபேர் அமர்த்தப்பட்டார். ஷான்தியி கோட்டையில் குதிரைகளுக்காகவே அரண்மனை போன்ற லாயங்களைக் கட்டியவர் இவர்தான்.

முற்றமும் தோட்டமும்

இந்த வகை மாளிகைகளுக்கு ஓர் இலக்கணம் உண்டு. தெருவில் நடப்பவர் கண்ணுக்கு உயரமான மதிலும் வண்டி நுழையும் பெரிய வாசலும் மட்டும்தான் தெரியும். உள்ளே நுழைந்தால் கல் பாவிய முற்றம். கோச்சு வண்டி திரும்பிப் போக அங்கே இடம் இருக்கும். முற்றத்தின் மறுகோடியில் வீடு. வீட்டுக்குப் பின்னால் தோட்டம். தெருவின் இரைச்சல், புழுதி, நாற்றம் எதுவும் வீட்டை எட்டாது. தெருவுக்கு முதுகைக் காட்டி, தோட்டத்துக்கு முகத்தைக் காட்டும் அமைப்பு இது.

நகரின் உட்பகுதியில் இப்படிக் கட்டும்போது வீட்டின் பக்கச் சுவர்கள் அண்டை வீடுகளோடு ஒட்டியிருக்கும். பிரோன் மாளிகையில் அந்த நெருக்கடி இல்லை. நாலு பக்கமும் வெளி விட்டுத் தனியாக நிற்கிறது. நாலு பக்கமும் சன்னல்கள். நகரத்துக்குள் ஒரு கிராமத்துக் கோட்டையைக் கொண்டுவந்து வைத்த மாதிரி இருக்கும். பிற்காலத்தில் இதைச் சிற்பக்கூடமாக்க முடிந்ததற்கு இந்த வெளிச்சம் ஒரு முக்கியக் காரணம்.

உள்ளே, தோட்டத்தை ஒட்டிய அறைகள் எல்லாம் ஒரே வரிசையில் அமைந்திருக்கின்றன. அறைக்கு அறை உள்ள கதவுகள் சன்னல் பக்கமாக ஒரே நேர்கோட்டில் வருவதால், எல்லாவற்றையும் திறந்துவிட்டால் ஒரு கோடியில் நிற்பவர் மறுகோடி வரை பார்க்கலாம். விருந்தினருக்குத் தன் செல்வத்தைக் காட்ட வீட்டுக்காரர் கையாண்ட உத்தி அது. நடுவில் தோட்டத்துக்குத் திறக்கும் பெரிய கூடம். இரண்டு முனைகளிலும் மூலைகள் வளைந்த வரவேற்பறைகள். அந்த வளைவுக்கு ஏற்ப வளைத்துச் செய்த மரப்பலகைகள் சுவரை மூடியிருந்தன. பலகைகளில் கொடியும் சிப்பியும் மலருமாகச் செதுக்கல் வேலை. சன்னல்களுக்கு எதிரே நிலைக்கண்ணாடிகள். பகல் வெளிச்சத்தையும் இரவில் மெழுகுவத்தி ஒளியையும் அவை இரட்டிப்பாக்கும்.

கதவுகளுக்கு மேலே பதிக்கப் பிரான்ஸுவா லெமுவான் ஓவியங்கள் தீட்டினார். வெர்சாய் அரண்மனையில் ஹெர்குலிஸ் மண்டபத்தின் பிரம்மாண்டமான கூரை ஓவியத்தை வரைந்தவர் அவர். இந்தப் பெயரைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பலகைகளுக்கும் ஓவியங்களுக்கும் நேர்ந்த கதி பின்னால் வருகிறது.

கைமாறிய காலங்கள்

1732-ல் மோராஸ் இறந்துபோனார். ஆசையாகக் கட்டிய வீட்டில் வாழ அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. சில ஆண்டுகளில் அவருடைய மனைவி மாளிகையை மேன் சீமாட்டிக்கு ஆயுள் குத்தகையாக விட்டார். பதினான்காம் லூயியின் மருமகளான இந்தச் சீமாட்டி, விருந்துக்கும் நாடகத்துக்கும் பேர் போனவர். 1753-ல் அவர் காலமாகும் வரை மாளிகை அவர் வசம் இருந்தது.

அதே ஆண்டில் வாங்கியவர் பின்னாளில் மார்ஷல் பட்டம் பெற்ற பிரோன். இன்று வழங்கும் பெயர் அவருடையது. ஃபோந்தெனுவா போரில் பெயரெடுத்த படைத்தலைவர் அவர். ஆனால் பாரிஸ் அவரை நினைவில் வைத்திருந்தது தோட்டத்துக்காக. இடத்தை இன்னும் விரிவாக்கினார். தூலிப் மலர்களுக்கு அவர் செலவழித்த பணம் ஊர்ப் பேச்சானது. ரஷ்ய இளவரசர் பாவெல் 1782-ல் பாரிஸுக்கு வந்தபோது அவரை இந்தத் தோட்டத்தில் வரவேற்று உபசரித்தார்.

1788-ல் மார்ஷல் கண்மூடினார். மறு ஆண்டே புரட்சி வெடித்தது. அவருடைய அண்ணன் தம்பி வழி வாரிசான லோசுன் கோமான், அமெரிக்க விடுதலைப் போரில் யார்க்டவுன் களம் வரை போய்ச் சண்டையிட்டவர். புரட்சிப் படைக்கும் தளபதியாக இருந்தார். அதுவும் அவரைக் காப்பாற்றவில்லை. 1793 டிசம்பர் 31 அன்று கில்லட்டினில் அவர் தலை உருண்டது. அடுத்த ஜூன் மாதத்தில் மார்ஷலின் மனைவியும் லோசுனின் மனைவியும் ஒரே நாளில் கொல்லப்பட்டார்கள்.

வீடு மட்டும் நின்றது. புரட்சிக்குப் பின்வந்த ஆண்டுகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு பொது நடன விருந்துகளும் கேளிக்கைகளும் அதன் தோட்டத்தில் நடந்தன. நெப்போலியன் காலத்தில் போப்பாண்டவரின் தூதர் கர்தினால் கப்ராரா குடியிருந்தார். அவருக்குப் பிறகு ரஷ்யத் தூதர் இளவரசர் குராக்கின். பெரிய வீடு, பெரிய தோட்டம், நகரின் நல்ல பகுதி: தூதரகம் நடத்தத் தோதான இடம். ஆட்சிகள் மாற மாற வாடகைக்கு வருபவர்களும் மாறினார்கள். வாடகை வந்துகொண்டிருந்த வரை இடிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் ஏற்படவில்லை.

கன்னியர்கள் வந்தார்கள், கண்ணாடிகள் போயின

1820-ல் மாளிகையைத் திரு இருதய சபைக் கன்னியர்கள் வாங்கினார்கள். சோஃபி பரா அம்மையார் தொடங்கிய சபை அது. மேல்தட்டுக் குடும்பத்துப் பெண்களுக்கான உறைவிடப் பள்ளி இங்கே நடந்தது. எளிமையை நோன்பாக ஏற்றவர்களுக்கு அந்த ஆடம்பரம் ஒவ்வாததில் வியப்பில்லை. நிலைக்கண்ணாடிகள், செதுக்கிய மரப்பலகைகள், இரும்பு வேலைப்பாடுகள், லெமுவானின் ஓவியங்கள் எல்லாம் கழற்றப்பட்டன, விற்கப்பட்டன. வெள்ளையடித்த சுவர்களுக்கு நடுவே பெண்கள் ஜெபமும் பாடமும் படித்தார்கள். 1870-களில் தெருப் பக்கமாகக் கோதிக் பாணியில் ஒரு தேவாலயமும் எழுந்தது.

இதைப் படிக்கும்போது மனம் கசப்பது இயல்பு. ஆனால் அதே நூற்றாண்டில் பாரிஸின் மற்ற மாளிகைகளுக்கு என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சேன்-ழெர்மேன் புல்வார் என்ற அகலச் சாலையை வெட்டியபோது அதன் வழியில் இருந்த எத்தனையோ மாளிகைகள் மண்ணோடு மண்ணாயின. தப்பிய சிலவற்றின் உட்புறம் பெட்டி பெட்டியாகக் கடல் கடந்தது. வாரான்ஷ்வில் மாளிகை என்ற வீட்டின் பொன் பூசிய மரப்பலகைகளை இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில்தான் பார்க்க முடியும். பிரோன் மாளிகையோ உள் அலங்காரத்தை இழந்தாலும் சுவரும் கூரையும் தோட்டமும் சிதறாமல் 80 ஆண்டுகளுக்கு மேல் ஒரே கையில் இருந்தது. பள்ளி அதை அழிக்கவும் செய்தது, காக்கவும் செய்தது.

வாடகைக்கு வந்த கலைஞர்கள்

1904-ல் மதச் சபைகள் பாடம் நடத்துவதைத் தடை செய்து பிரெஞ்சு அரசு சட்டம் இயற்றியது. பள்ளி மூடப்பட்டது. கன்னியர்கள் வெளியேறினார்கள். சொத்து, கணக்கை முடித்து விற்பதற்காக நியமிக்கப்பட்ட அதிகாரியின் கைக்குப் போனது. விற்கும் வரை சும்மா பூட்டி வைப்பானேன் என்று அறை அறையாக மலிவான வாடகைக்கு விடப்பட்டது.

அந்தக் குறைந்த வாடகை கொண்டுவந்து சேர்த்த ஆட்களின் பட்டியல் அசத்தலானது. எழுத்தாளர் ழான் கோக்தோ, அப்போது இருபது வயதைக்கூட எட்டாத இளைஞர். ஓவியர் ஹென்றி மத்தீஸ் இங்கே ஓவியப் பள்ளி நடத்தினார். நடனக் கலைஞர் இசடோரா டங்கன், நடிகர் எதுவார் தெ மாக்ஸ் ஆகியோரும் வந்தார்கள். சிற்பி கிளாரா வெஸ்ட்ஹோஃப் பிடித்திருந்த அறைகள் வழியாகத்தான் அவருடைய கணவர் ரில்கே இங்கே வந்தார். ரில்கே வழியாக ரோதான் வந்தார்.

ரோதானுக்குப் பாரிஸுக்கு வெளியே மெதோன் என்ற ஊரில் வீடும் பட்டறையும் இருந்தன. பிரோன் மாளிகை அவருக்குப் பகலில் வந்து வேலை பார்க்கும் இடம், வாடிக்கையாளர்களையும் நண்பர்களையும் வரவேற்கும் இடம். புதர் மண்டிய தோட்டத்தில், தான் சேர்த்திருந்த பழங்காலச் சிலைகளை ஆங்காங்கே வைத்தார். நான்கு அறைகளில் தொடங்கியவர் மெல்ல மெல்ல மாளிகை முழுவதையும் ஆக்கிரமித்துக்கொண்டார்.

விற்பனைப் பேச்சு வலுத்தபோது அவர் செய்ததுதான் இந்தக் கதையின் திருப்பம். கண்டன அறிக்கையோடு அவர் நிற்கவில்லை; அரசிடம் பேரம் பேசினார். தன் சிற்பங்கள், ஓவியங்கள், திரட்டிய பழம்பொருள்கள் எல்லாவற்றையும் நாட்டுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். பதிலுக்கு அரசு பிரோன் மாளிகையை ரோதான் அருங்காட்சியகமாக்க வேண்டும், உயிரோடு இருக்கும் வரை தன்னை அங்கே இருக்க விட வேண்டும் என்று கேட்டார். எழுத்தாளர் ஜூதித் கிளாதெல் இதற்காக அலைந்து ஆதரவு திரட்டினார். ஓவியர் குளோத் மொனே போன்றவர்கள் தோள் கொடுத்தார்கள். 1911-ல் அரசு மாளிகையை விலைக்கு வாங்கியது. பெரிய தோட்டத்தின் ஒரு பகுதி பிரிக்கப்பட்டு, விக்தோர் துருயி பெண்கள் பள்ளிக்குப் போனது. மற்ற வாடகைக்காரர்கள் காலி செய்தார்கள். ரோதான் மட்டும் நகரவில்லை.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. 1912 மே மாதத்தில் நிஜின்ஸ்கி ஆடிய 'ஒரு ஃபானின் பிற்பகல்' என்ற பாலே பாரிஸில் அரங்கேறியது. ஆபாசம் என்று 'லெ ஃபிகாரோ' நாளிதழின் ஆசிரியர் காஸ்தோன் கல்மெத் முதல் பக்கத்தில் தாக்கினார். ரோதான் பெயரில் நிஜின்ஸ்கியைப் பாராட்டி இன்னொரு நாளிதழில் கட்டுரை வந்தது. கல்மெத்தின் கோபம் உடனே மாளிகைப் பக்கம் திரும்பியது. கன்னியர்கள் ஜெபித்த தேவாலயத்தில் ஆபாசப் படங்களை மாட்டி வைத்திருக்கும் ஆளை மக்கள் வரிப்பணத்தில் குடிவைப்பதா என்று கேட்டார். மதமும் அரசும் பிரிந்து ஏழு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. புண் ஆறாத நேரம். ஒரு வீட்டின் எதிர்காலம் நாட்டின் அரசியல் சண்டைக்குள் சிக்கிக்கொண்டது.

கடைசியில் 1916-ல், வெர்தன் போர்க்களம் எரிந்துகொண்டிருந்த ஆண்டில், ரோதானின் நன்கொடையை நாடாளுமன்றம் ஏற்றது. 1917 நவம்பர் 17 அன்று ரோதான் மறைந்தார். 1919 ஆகஸ்டில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பாந்தியோன் முன்னால் நின்றிருந்த 'சிந்தனையாளன்' சிலை 1922-ல் இந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது.

நடராசரைப் பார்த்த சிற்பி

ரோதான் இங்கே இருந்த காலத்தில் நடந்த ஒன்று தமிழர்கள் அறிய வேண்டியது. ரஷ்யரான விக்தோர் கொலுபேவ், சென்னை அருங்காட்சியகத்தின் நடராசர் செப்புச் சிலைகளை எடுத்த ஒளிப்படங்களை ரோதானிடம் காட்டினார். அவற்றில் திருவாலங்காட்டு நடராசரும் உண்டு. சிலையை நேரில் பார்க்காமலே, படங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து 1913-ல் ரோதான் குறிப்புகள் எழுதினார். முகம், உதடு, தோள், இடை, வீசிய கால் என்று ஒவ்வோர் உறுப்பாகச் சென்ற குறிப்புகள் அவை. ஒரு சிற்பி இன்னொரு சிற்பியின் கைவேலையைப் படிக்கும் விதம் அதில் தெரிகிறது. அவர் மறைந்த பின், 1921-ல் 'ஆர்ஸ் ஆசியாத்திகா' என்ற வரிசையில் அந்தக் கட்டுரை வெளியானது. அதே தொகுதியில் எழுதிய இன்னொருவர் ஆனந்த குமாரசாமி, இலங்கைத் தமிழர் மரபில் வந்த கலை அறிஞர்.

சட்டம் என்ன செய்கிறது

பழைய கட்டடங்களைக் காப்பதற்கு பிரான்ஸ் 1830-லேயே ஒரு தலைமை ஆய்வாளரை நியமித்தது. 1834 முதல் அந்தப் பொறுப்பில் இருந்தவர் 'கார்மென்' கதையை எழுதிய புரோஸ்பேர் மெரிமே. முதல் பாதுகாப்புச் சட்டம் 1887-ல் வந்தாலும், தனியார் வீடு என்றால் உரிமையாளர் சம்மதிக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருந்தது. 1913 டிசம்பர் 31-ம் தேதிச் சட்டம் அந்த ஓட்டையை அடைத்தது. பொது நலன் கருதி, உரிமையாளர் மறுத்தாலும் ஒரு கட்டடத்தைப் பட்டியலில் சேர்க்க அரசால் முடியும். அவருக்கு நஷ்டஈடு கோரும் உரிமை உண்டு. பாதுகாப்பில் இரண்டு படிகள். மேல் படியில் இருப்பவற்றுக்குக் கட்டுப்பாடு அதிகம். பிரோன் மாளிகை மேல் படியில் இடம்பெற்றது.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள் என்று ஒரு சன்னலை வைத்துப் பார்க்கலாம். கொண்டியில் எண்ணெய் போடவோ சின்னப் பழுது பார்க்கவோ யாரையும் கேட்க வேண்டாம். சன்னலையே மாற்றுவதென்றால் கலாசாரத் துறையின் அனுமதி வேண்டும். எந்த மரம், சட்டம் எத்தனை தடிமன், கண்ணாடி எப்படிப்பட்டது என்று வரைபடத்தோடு காட்ட வேண்டும். வேலையை மேற்பார்வையிடத் தகுதி பெற்ற கட்டடக் கலைஞர் வேண்டும். சுவர்ப் பூச்சுக்கும் இதே கதைதான். பழைய சுண்ணாம்புக்கல் சுவரில் சிமென்ட் பூசினால் உள்ளே இறங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லையே அரித்துவிடும். அதனால் சுண்ணாம்புக் கலவைதான் வேண்டும் என்று அதிகாரிகள் பிடிவாதமாக இருப்பார்கள்.

சட்டத்தின் கை மாளிகையின் மதிலோடு நிற்பதில்லை. 1943 முதல், பாதுகாக்கப்பட்ட கட்டடத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் அதன் பார்வையில் படும் வேலைகளுக்கும் அரசுக் கட்டடக் கலைஞரின் ஒப்புதல் தேவை. பக்கத்துத் தெருக் கடைக்காரர் பலகை மாட்டுவதற்குக்கூட இது பொருந்தும். 1962-ல் அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ பெயரால் வழங்கும் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், பழைய நகர்ப் பகுதிகளை முழுசாகக் காக்க வழி செய்தது. பாரிஸில் மாரேயும், பிரோன் மாளிகை இருக்கும் 7-ம் வட்டாரத்தின் பெரும்பகுதியும் இந்த வளையத்துக்குள் இருக்கின்றன.

கட்டுப்பாடு மட்டும் இருந்தால் உரிமையாளர் தளர்ந்துபோவார். ஆகவே பழுதுபார்ப்புச் செலவில் ஒரு பகுதியை அரசு தருகிறது. வரியில் சலுகை உண்டு. 2018 முதல் பழைய கட்டடங்களுக்கென்றே ஒரு லாட்டரியும் நடக்கிறது. அப்படியும் பணம் போதவில்லை என்ற குரல் நாடெங்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

தரை தாங்கவில்லை

பிரோன் மாளிகைக்குப் பிற்காலத்தில் வந்த ஆபத்து அதன் வெற்றியால் வந்தது. ஒரு குடும்பமும் வேலைக்காரர்களும் சில விருந்தாளிகளும் நடமாடக் கட்டிய வீட்டுக்குள் ஆண்டுக்குச் சுமார் 7 லட்சம் பேர் நுழைந்தார்கள். மேலே கூட்டத்தின் எடை. கூடவே பளிங்கும் வெண்கலமுமாகச் சிலைகளின் எடை. மரத்தரை தளர்ந்தது. சன்னல்கள் வழியாக வெயிலும் குளிரும் தடையின்றி வந்து போயின.

2012-ல் பெரிய அளவில் சீரமைப்பு தொடங்கியது. கட்டடத்தைப் பகுதி பகுதியாக மூடி வேலை நடந்ததால் அருங்காட்சியகம் முழுசாக அடைபடவில்லை. சுமார் 160 லட்சம் யூரோ செலவானது. வரலாற்றுச் சின்னங்களின் தலைமைக் கட்டடக் கலைஞர் ரிஷார் துப்ளா பொறுப்பேற்றார். தரைகள் பலப்படுத்தப்பட்டன, சன்னல்கள் புதுப்பிக்கப்பட்டன, பொழுதுக்கேற்ப மாறும் விளக்குகள் வந்தன. சுவர்களுக்கு வெள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். வெள்ளைச் சுவர் முன் வெள்ளைச் சுதைச் சிற்பம் காணாமல் போய்விடும். சிலைகளின் விளிம்பு தெளிவாகத் தெரியும்படி பழுப்பு கலந்த ஒரு சாம்பல் நிறத்தைத் தனியாகவே உருவாக்கினார்கள். அந்த நிறத்துக்கு மாளிகையின் பெயரையே வைத்துவிட்டார்கள். ரோதானின் பிறந்த நாளான நவம்பர் 12 அன்று, 2015-ல், மாளிகை முழுவதும் மறுபடி திறக்கப்பட்டது.

கழற்றி விற்கப்பட்டவற்றில் சில வீடு திரும்பியிருக்கின்றன. மரப்பலகைகளில் ஒரு பகுதி பழைய இடத்தில் மறுபடி பொருத்தப்பட்டது. லெமுவானின் கதவு ஓவியங்களில் இரண்டை அருங்காட்சியகம் திரும்பப் பெற்றது. காமனின் அம்பைக் காட்டும் வீனஸ் ஒன்று. நெசவு வேலையில் இருக்கும் பெனிலோப்பி மற்றொன்று. மற்றவை திரும்பவில்லை. வெறுமையான இடத்தைப் போலிப் பிரதியால் நிரப்பாமல், எது பழசு, எது இழந்தது என்று பார்ப்பவருக்குத் தெரியும்படி விட்டிருப்பது நேர்மையான முடிவு.

செலவுக்குப் பணம் வரும் வழியும் அந்த 1916-ம் ஆண்டுப் பேரத்திலேயே இருக்கிறது. சிற்பங்களோடு அவற்றை வார்க்கும் உரிமையையும் ரோதான் நாட்டுக்குக் கொடுத்திருந்தார். அவருடைய அச்சுகளிலிருந்து அருங்காட்சியகம் இன்றும் வெண்கல வார்ப்புகள் செய்து விற்கிறது. ஒரு சிற்பத்துக்கு 12 வார்ப்புகள் வரைதான் அசல் என்று பிரெஞ்சு விதி வரம்பு கட்டியிருக்கிறது. நுழைவுச் சீட்டு, வார்ப்பு விற்பனை, இடத்தை நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விடுவது ஆகியவற்றால் தன் அன்றாடச் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் தேசிய அருங்காட்சியகம் இது. மோராஸின் மனைவி குத்தகைக்கு விட்ட நாள் முதல், சம்பாதித்துக்கொடுத்துத்தான் இந்த வீடு நின்றிருக்கிறது.

அதே தெருவில் சில நூறு மீட்டர் நடந்தால் மத்தினியோன் மாளிகை. 1720-களில் கட்டிய அது 1935 முதல் பிரான்ஸ் பிரதமரின் அலுவலகம். எதிர்ப்பக்கத்தில் உள்ள வில்ரோயி மாளிகை விவசாய அமைச்சகம். புவாழ்லேன் மாளிகை இத்தாலியத் தூதரகம். எக்ஸ்-அன்-புரோவான்ஸில் 1715-ல் கட்டத் தொடங்கிய கோமோன் மாளிகை, நீண்ட காலம் இசைப் பள்ளியாக இருந்து, 2015-ல் கலைக்கூடமாகியிருக்கிறது. போர்தோவின் லாலான்த் மாளிகையில் அலங்காரக் கலைகளின் அருங்காட்சியகம் இருக்கிறது. உரிமையாளர் வம்சங்கள் மறைந்தாலும் இவற்றுக்கு வேலை இருக்கிறது.

ரோதான் அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை; மற்ற நாட்களில் சீட்டு வாங்கி யாரும் போகலாம். அமைச்சகங்களும் தூதரகங்களுமாகிவிட்ட பக்கத்து மாளிகைகளுக்குள் சாதாரண நாளில் நுழைய முடியாது. செப்டம்பர் மூன்றாம் வார இறுதியில் வரும் மரபுரிமை நாட்களில் அவற்றில் பலவும் வாசலைத் திறக்கின்றன. 1984-ல் பிரான்ஸ் தொடங்கிய அந்த வழக்கம் இப்போது ஐரோப்பா முழுவதும் பரவியிருக்கிறது. பாரிஸில் உறவினர் இருப்பவர்கள், பயணத்தைத் திட்டமிடுபவர்கள் அந்த இரண்டு நாட்களைக் குறித்துவைத்துக்கொண்டால் வாரென் தெருவின் மதில்களுக்குப் பின்னால் இருப்பதை ஒரே நடையில் பார்த்துவிடலாம். மத்தினியோன் மாளிகையின் வரிசை மட்டும் நீளமாக இருக்கும், காலையிலேயே போய் நிற்பது நல்லது.